கமிஷன் கூட்டிக் கேட்கும் முறை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நமது வியாபாரப் பாடத்தில் இம்முறை எடுத்துக்கொண்ட பொருள் கமிஷன். பிறர் சரக்கை விற்றுக் கொடுத்து அதற்குக் கூலி பெறுகிறவர், அந்தக் கூலியை எவ்விதம் கூட்டிக் கேட்பது? எப்பொழுது கேட்பது? எதைச் சொல்லிக் கேட்பது? மார்க்கம் இதற்கு வகுத்த எல்லை எது? இவற்றைப் படிப்படியாய்ப் பார்ப்போம். பாடத்தின் முடிவில் சில கேள்விகள் உண்டு. பிள்ளைகளோடு உட்கார்ந்து அவற்றிற்கு விடை காண்பது நலம்.

1. பழைய தொழில், புதிய பெயர்

தரகு நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டுக் கமிஷன் மண்டிகளை நாம் அறிவோம். விவசாயி வெங்காயத்தையும் மிளகாயையும் கொண்டுவந்து இறக்குவார். மண்டிக்காரர் விற்றுக் கொடுத்து, நூற்றுக்கு இவ்வளவென்று எடுத்துக்கொள்வார். சரக்கு அவருடையதன்று, விற்கும் திறமை மட்டுமே அவருடையது. 1901-ல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டு 1972-ல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய நமது துறைமுகத்தை ஒட்டியும் இத்தகைய ஏஜண்டுத் தொழில் நடந்தே வந்திருக்கிறது. பண்டமாரானிலிருந்து துறைமுகம் எட்டும் தூரம். ஆகையால் நம்மவர்க்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று அதே தொழில் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. கடைக்காரர் தம் சரக்கை ஷாப்பி, லாஸாடா, டிக்டாக் ஷாப் முதலிய கைப்பேசிக் கடைத்தெருக்களில் வைக்கிறார். நம் வீட்டுப் பையனோ பெண்ணோ அந்தப் பொருளைப் பற்றிச் சிறு படம் எடுத்துப் போட்டு, அதோடு தனக்கென்று கொடுக்கப்பட்ட ஒரு லிங்கை வைக்கிறார்கள். அந்த லிங்கைத் தொட்டு உள்ளே வந்து ஒருவர் வாங்கினால், விற்பனையில் நூற்றுக்கு இவ்வளவு அவர்களுக்குச் சேரும். இதற்கு அஃபிலியேட் என்று பெயர். அமேசான் கம்பெனி 1996-ல் இம்முறையைத் தொடங்கிய பிறகு இது உலகெங்கும் பரவியது. டிக்டாக் ஷாப் மலேசியாவுக்கு வந்தது 2022-ல்.

பெயர் எதுவானாலும் உள்ளிருப்பது மண்டிக்காரரின் தொழிலே. பொருள் ஒருவருடையது, வாங்குகிறவர் இன்னொருவர், இடையே நின்று இருவரையும் சேர்த்து வைப்பவர் மூன்றாமவர். ஆகவே பழைய தரகுக்குச் சொன்ன சட்டம் இதற்கும் பொருந்தும்.

2. மார்க்கத்தில் இதன் நிலை

தரகுக் கூலி ஆகுமா என்று கேட்போர் இன்னும் உண்டு. ஆகும் என்பதற்குச் சான்றுகள் பல. திருக்குர்ஆனின் யூசுப் சூராவில் (12:72) அரசருடைய பாத்திரம் காணாமற்போன செய்தி வருகிறது. அதைக் கொண்டுவருகிறவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என்று அறிவிக்கப்படுகிறது. காரியத்தை முடித்தால் இன்னது தருகிறேன் என்னும் இவ்வொப்பந்தத்தை நம் பிக்ஹு நூல்கள் ஜுஆலா என்கின்றன. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹில் தரகர் கூலிக்கென்றே ஒரு பாடம் அமைத்து, இப்னு ஸீரீன், அதா, இப்ராஹீம், ஹஸன் (ரஹ்) ஆகியோர் அதில் குற்றம் காணவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

இனி, ஷாபிஈ மத்ஹபின் பெருநூலாகிய மின்ஹாஜில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் (வபாத்து ஹிஜ்ரி 676) ஜுஆலா பாடத்தில் சொல்வதைக் கவனியுங்கள். கூலி இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். ஒருவர், காணாமற்போனதைக் கொண்டுவந்தால் உன்னைத் திருப்திப்படுத்துவேன் என்று மட்டும் சொன்னால் அவ்வொப்பந்தம் கெட்டது. வேலை செய்தவருக்கு உஜ்ரத்துல் மிஸ்ல், அதாவது அது போன்ற வேலைக்கு வழக்கமாய் உள்ள கூலி, கொடுக்கப்பட வேண்டும்.

சகோதரர்களே, நமது கடைகளில் தினமும் கேட்கும் ஒரு சொல் உண்டு. "நீ செய் தம்பி, நான் பார்த்துக் கொடுக்கிறேன்." முதலாளி நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். தம்பியும் மரியாதைக்குப் பேசாமலிருக்கிறார். ஆனால் இமாமவர்கள் கெட்ட ஒப்பந்தம் என்று காட்டியது ஏறக்குறைய இதைத்தான். பார்த்துக் கொடுப்பதாய்ச் சொன்னவர் பார்க்கும் பொழுது, அவர் கண்ணுக்கு ஓர் அளவும் தம்பி மனத்தில் ஓர் அளவும் இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவே பல உறவுகள் முறிந்து போயிருக்கின்றன.

மின்ஹாஜில் இன்னொரு சட்டமும் உண்டு. வேலை முடிவதற்கு முன் உடைமைக்காரர் கூலியைக் கூட்டலாம், குறைக்கலாம். வேலை தொடங்கிய பிறகு மாற்றினால் செய்தவருக்கு உஜ்ரத்துல் மிஸ்ல் கடமையாகும். முடிந்து போன வேலையின் கூலியில் கை வைக்க முடியாது. ஆகவே கமிஷன் என்பது கல்லில் வெட்டிய எழுத்தன்று, பேசி மாற்றத்தக்கது. மாற்றிக் கேட்பது பேராசையுமன்று, மரியாதைக் குறைவுமன்று.

நூற்றுக்கு இவ்வளவு என்று விகிதமாய்ப் பேசுவது பற்றி மத்ஹபுகளிடையே பேச்சு உண்டு. விகிதமும் விலையும் இரு தரப்பாருக்கும் தெளிவாய்த் தெரிந்திருந்தால் ஆகும் என்பது இக்காலத்து ஆலிம்கள் பலரின் கருத்து. ஐயமுடையோர் தத்தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்க.

3. இரண்டு முன்மாதிரிகள்

முதலாவது, அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வியாபாரம். அன்னையார் மக்கத்துச் செல்வச் சீமாட்டி. ஆட்களை அமர்த்தித் தம் சரக்கை ஷாம் நாட்டுக்கு அனுப்பி, இலாபத்தில் பங்கு கொடுத்து வந்தார்கள். நபித்துவத்திற்கு முன்னரே நம் பெருமானார் (ஸல்) அவர்களின் வாய்மையும் நாணயமும் ஊரில் பேசப்பட்டன. அதைக் கேள்வியுற்ற அன்னையார் தாமே ஆளனுப்பி, பிறருக்குக் கொடுப்பதைவிடச் சிறந்ததைத் தருவதாய்ச் சொல்லித் தம் சரக்கைக் கொண்டுபோகக் கேட்டார்கள். அடிமை மைஸராவும் உடன் சென்றார். இப்னு இஸ்ஹாக்கின் சரித்திரத்தில் இது காணப்படுகிறது. கூடுதல் பங்கு எதற்காகக் கிடைத்தது? அழகாய்ப் பேசியதற்காக அன்று. நம்பிக்கைக்கு முதலாளி தாமாகவே கொடுத்த விலை அது.

இரண்டாவது, அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிப்பது. புகாரியிலேயே கூலிப் பாடத்தில் உள்ளது. ஸஹாபாக்களில் சிலர் பிரயாணத்தில் ஓர் அரபுக் கூட்டத்தாரிடம் விருந்து கேட்டனர். அவர்கள் மறுத்துவிட்டனர். பின்னர் அக்கூட்டத்துத் தலைவரை விஷ ஜந்து தீண்டிவிட்டது. எந்த மருந்தும் பலிக்கவில்லை. அவர்கள் ஸஹாபாக்களிடம் ஓடி வந்தனர். ஸஹாபி ஒருவர், எனக்கு ஓதிப் பார்க்கத் தெரியும். ஆனால் எங்களுக்கு ஒரு கூலியைப் பேசி முடிக்காமல் ஓதமாட்டேன் என்றார். ஓர் ஆட்டு மந்தை என்று பேசி முடிந்தது. அவர் பாத்திஹா சூராவை ஓதினார். தலைவர் எழுந்து நடந்தார். பேசியபடி கூலியும் நிறைவாய் வந்தது. பங்கிடலாம் என்று சிலர் சொன்னபோது, ஓதியவர், ரசூலுல்லாஹ்விடம் சொல்லி அவர்கள் உத்தரவைக் கேட்ட பிறகே பங்கிடுவோம் என்று நிறுத்திவிட்டார். நபி (ஸல்) அவர்கள் அதைச் சரியென்று ஏற்று, தமக்கும் ஒரு பங்கு வைக்கச் சொன்னார்கள்.

இதில் நமக்கு மூன்று படிப்பினைகள். கூலி வேலைக்கு முன்பே பேசப்பட்டது. பேசியது தெளிவான அளவாய் இருந்தது. கைக்கு வந்த பிறகும் ஹலால்தானா என்று விசாரித்துவிட்டே தொட்டார்கள். கமிஷன் பேசுகிறவருக்கு இம்மூன்றும் போதும்.

4. கேட்பதற்கு முன் கணக்கு

எண்ணிச் செய்கிறவன் செட்டி, எண்ணாமல் செய்கிறவன் மட்டி என்பது பழமொழி. கமிஷன் கூட்டிக் கேட்கப் போகிறவர் முதலில் இரண்டு கணக்குப் பார்க்க வேண்டும்: தம் கணக்கு, முதலாளியின் கணக்கு. பலர் தம் கணக்கை மட்டும் பார்த்துவிட்டுப் போகின்றனர். அதுவும் வீட்டுச் செலவுக் கணக்கு! வாடகை ஏறிவிட்டது, பிள்ளைக்குப் பள்ளிச் செலவு என்றெல்லாம் சொன்னால் முதலாளி இரக்கப்பட்டு ஒரு மாதம் கொடுப்பார். அது ஸதகாவாகும்; கமிஷன் ஆகாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதலாளி ஒரு மசாலாப் பெட்டியை 100 வெள்ளிக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சரக்கின் அடக்கம் 70 வெள்ளி. கைப்பேசிக் கடைத்தெருவுக்குக் கட்டுவது 8 வெள்ளி. பெட்டி கட்டும் செலவு 4 வெள்ளி. ஏஜண்டுக்கு நூற்றுக்கு 6. ஆக முதலாளி கையில் நிற்பது 12 வெள்ளி. மாதம் 40 பெட்டி போனால் அவருக்கு 480 வெள்ளி, ஏஜண்டுக்கு 240 வெள்ளி.

ஏஜண்டு போய், "ஆறு போதாது, ஒன்பது வேண்டும்" என்கிறார். முதலாளிக்குப் பெட்டிக்கு 9 வெள்ளிதான் நிற்கும். விற்பனை அதே 40 பெட்டியானால் அவருக்குக் கிடைப்பது 360. முன்னைவிட 120 வெள்ளி நட்டம். எந்த முதலாளி ஒப்புவார்? விற்பனை 60 பெட்டியாய் உயர்ந்தால் 540 வரும். அப்பொழுது அவருக்கும் இலாபமே. ஆனால் உயரும் என்பதற்கு யார் ஜாமீன்?

இப்பொழுது வேறு விதமாய்க் கேட்டுப் பாருங்கள். "முதல் 40 பெட்டிக்குப் பழையபடி ஆறே இருக்கட்டும். நாற்பதுக்கு மேல் போகிற பெட்டிகளுக்கு மட்டும் பத்து கொடுங்கள்." விற்பனை நாற்பதிலேயே நின்றால் முதலாளிக்கு ஒரு காசு நட்டமில்லை, பழைய 480 அப்படியே. அறுபதாய் உயர்ந்தால் முதல் நாற்பதில் 480, மேல் இருபதில் பெட்டிக்கு 8 வீதம் 160, ஆக 640 வெள்ளி. ஏஜண்டுக்கு முதல் நாற்பதில் 240, மேல் இருபதில் 200, ஆக 440. பழைய விகிதத்தில் அறுபது பெட்டிக்கு அவருக்குக் கிடைத்திருப்பது 360 தான்.

இரண்டு கேள்விக்கும் உள்ள வேற்றுமையைப் பாருங்கள். முதலாவதில் நட்டம் வந்தால் அது முதலாளி தலையில். இரண்டாவதில் உழைத்துக் காட்டும் பொறுப்பு ஏஜண்டின் தலையில். தம் உழைப்பில் நம்பிக்கையுள்ளவர் இரண்டாவதையே கேட்பார். இப்படிப் படிப்படியாய் ஏறும் கமிஷன் தொடக்கத்திலேயே எழுதப்பட்டுவிட்டால் இருவருக்கும் தெளிவாய் இருக்கும். பின்னால் பூசல் வராது.

இந்தப் பேச்சுக்குப் போகுமுன் ஏஜண்டு குறைந்தது மூன்று மாதக் கணக்கு வைத்திருக்க வேண்டும். எத்தனை பெட்டி போயிற்று? எத்தனை திரும்பி வந்தது? வாங்கினவர்களில் முன்பின் தெரியாத புதியவர்கள் எத்தனை பேர்? மறுபடியும் வாங்கினவர்கள் எத்தனை பேர்? திரும்பி வராத சரக்கும் மீண்டும் வருகிற வாடிக்கையும் முதலாளிக்குப் பணம். அவற்றைக் கொண்டுவருகிறவர் கூடுதல் கேட்கும் தகுதியுள்ளவர்.

5. கேட்கும் பொழுது

நோன்புப் பெருநாள் நெருங்கிக் கடையில் கூட்டம் நெரியும் பொழுது போய்க் கேட்கலாகாது. அப்பொழுது கேட்பது கழுத்தைப் பிடிப்பது போலாகும்; கொடுத்தாலும் மனக்கசப்போடு கொடுப்பார். பெருநாளுக்கோ தீபாவளிக்கோ சரக்கு வாங்கத் திட்டமிடும் காலமே ஏற்றது. எவ்வளவு சரக்கு எடுக்கலாம் என்று முதலாளி யோசிக்கும் பொழுது, இவ்வளவு நான் விற்றுத் தருவேன் என்று ஒருவர் வந்து நின்றால் அவருக்கும் அது உதவியே.

நேரில் பேசுவது நல்லது. பேசிய பிறகு எழுத்தில் அனுப்புவது அதைவிட அவசியம். கடனை எழுதிக்கொள்ளுமாறு பகரா சூராவில் (2:282) கட்டளை வந்திருப்பதை நாம் ஓதுகிறோம், நடப்பில்தான் விட்டுவிடுகிறோம். எழுதும் மாதிரி ஒன்று கீழே:

"முதலாளி நானா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். சென்ற மூன்று மாதத்தில் என் லிங்க் மூலம் 123 பெட்டிக்கு ஆர்டர் வந்தது. 3 திரும்பிற்று. நின்றது 120, அதாவது மாதம் 40. கணக்கை இத்துடன் வைத்திருக்கிறேன். வரும் பெருநாள் சரக்குக்கு முதல் 40 பெட்டி வரை நூற்றுக்கு 6, அதற்கு மேல் நூற்றுக்கு 10 என்று வைத்துக்கொள்ளலாமா? திரும்பி வருகிற பெட்டிக்குக் கமிஷன் வேண்டாம். மூன்று மாதம் நடத்திப் பார்த்து, தங்களுக்குச் சரிப்படாவிட்டால் பழையபடி வைத்துக்கொள்வோம். தங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். வஸ்ஸலாம்."

இதில் புகழ்ச்சியுமில்லை, புலம்பலுமில்லை. எண் இருக்கிறது, கோரிக்கை இருக்கிறது, முதலாளி பின்வாங்க வழியும் இருக்கிறது. வழி விட்டுக் கேட்கிறவருக்கு மறுப்பு வருவது குறைவு.

சில கைப்பேசிக் கடைத்தெருக்களில் விகிதத்தைக் கம்பெனியே நிர்ணயித்துவிடும், பேச இடமில்லை. ஆனால் டிக்டாக் ஷாப்பில் கடைக்காரர் எல்லாருக்கும் பொதுவாக ஒரு விகிதமும், தாம் தேர்ந்தெடுத்து அழைக்கும் ஆட்களுக்குத் தனியாக வேறொரு விகிதமும் வைக்க முடியும். ஆகவே பேச வேண்டிய இடம் கடைக்காரர்தான். பலர் இதை அறியாமல் பொது விகிதத்திலேயே காலத்தைக் கழிக்கின்றனர்.

6. விகிதம் மட்டுமே கமிஷன் அன்று

முதலாளி விகிதத்தைக் கூட்ட முடியாது என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்ததென்று எழுந்துவிடக் கூடாது. பணம் எப்பொழுது கைக்கு வரும்? இரண்டு மாதம் கழித்து வருவதை ஒரு மாதத்தில் கேட்கலாம். லிங்கைத் தொட்டவர் எத்தனை நாளுக்குள் வாங்கினால் கமிஷன் சேரும்? அமேசானில் பொதுவாக அது ஒரு நாளே. நாட்களைக் கூட்டினால் விகிதத்தைக் கூட்டியது போலாகும். மாதிரிப் பொருள் இலவசமாய்க் கிடைக்குமா? கிள்ளான் வட்டாரத்தில் இச்சரக்கைச் சொல்லி விற்கும் உரிமை தமக்கு மட்டும் என்று சில மாதம் தருவாரா? இவை யாவும் பணமே. முதலாளிக்குக் கொடுக்க எளிதாயும் நமக்குப் பெறப் பயனுள்ளதாயும் உள்ளது எதுவென்று தேடிக் கேட்பதே சாமர்த்தியம்.

7. கூடாதவை

கமிஷன் ஏற ஏற ஆசையும் ஏறும். அங்கேதான் காவல் வேண்டும்.

ஒன்று, பொய்ப் புகழ்ச்சி. பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் கண்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்த செய்தி முஸ்லிம் நூலில் உண்டு. தான் ருசித்துப் பாராத மசாலாவை, "எங்கள் வீட்டில் தினமும் இதுதான்" என்று படம் எடுத்துப் போடுவது, மேலே காய்ந்ததைப் பரப்பி ஈரத்தை உள்ளே மறைத்தது போன்றதே. கமிஷன் பெற்றுத்தான் சொல்கிறேன் என்பதையும் வாங்குகிறவருக்குத் தெரிவித்துவிடுவது நேர்மை.

இரண்டு, களவாய்க் கமிஷன் சேர்ப்பது. யாரும் தொடாத லிங்கைத் தொட்டதாய்க் காட்ட, பிறருடைய கம்ப்யூட்டரில் இரகசிய அடையாளத்தைப் புகுத்தும் தந்திரம் உண்டு. ஈபே கம்பெனியிடம் இவ்விதம் பெருந்தொகை பெற்ற இருவருக்கு அமெரிக்காவில் 2014-ல் சிறைத் தண்டனை கிடைத்தது. ஒருவருக்கு ஐந்து மாதம், மற்றவருக்குப் பதினைந்து மாதம். பிறருடைய உழைப்பால் வந்த விற்பனையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வது திருட்டு.

மூன்று, இரகசியக் கைக்கூலி. ஒரு கடையில் சம்பளத்துக்குச் சரக்கு வாங்குகிற ஆள், சரக்குக் கொடுப்பவரிடம் தனியாய்க் கமிஷன் வாங்குவது. ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாய் வந்தது என்று பிரித்துக் காட்டியபோது, அவர் தம் தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். நம் நாட்டிலும் 2009-ம் வருஷத்து ஊழல் தடுப்புச் சட்டம் தனியார் ஏஜண்டுகளையும் பிடிக்கும். எஜமானுக்குத் தெரிந்து வாங்குவது கமிஷன். தெரியாமல் வாங்குவது லஞ்சம்.

நான்கு, ஹராமான பொருள். விகிதம் அதிகமென்று சூதாட்டத்திற்கும் வட்டிக் கடனுக்கும் லிங்க் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதை விளக்க வேண்டியதில்லை.

8. ஒரே வாசலில் நிற்காதீர்கள்

2020-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், கொரோனா நோய் உலகை அடைத்து வைத்திருந்த நேரத்தில், அமேசான் கம்பெனி அமெரிக்காவில் தன் ஏஜண்டுகளின் கமிஷனைக் குறைத்தது. மரச்சாமான், வீட்டுச் சாமான் வகைக்கு நூற்றுக்கு 8 இருந்தது 3 ஆயிற்று. மளிகை வகைக்கு 5 இருந்தது 1 ஆயிற்று. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே ஒரு வாரமே இருந்தது. அதை மட்டும் நம்பியிருந்தவர்களின் வருமானம் ஒரே வாரத்தில் பாதிக்கும் கீழே இறங்கியது. கேட்கவும் இடமில்லை.

பேசும் வலிமை நாவில் இல்லை, வேறு வாசல் இருப்பதில்தான் உள்ளது. இரண்டு மூன்று முதலாளிகளின் சரக்கை விற்கிறவர் மறுப்பைக் கேட்டு நிலைகுலைய மாட்டார். ஆனால் இல்லாத முதலாளியை இருப்பதாய்ச் சொல்லி, "அங்கே பன்னிரண்டு தருகிறார்கள்" என்று பயங்காட்டுவது பொய். பொய் சொல்லிப் பெற்ற இரண்டு வெள்ளியில் பரக்கத் இராது.

9. முதலாளிமார்களுக்கு

இப்பாடத்தைப் படிப்போரில் பலர் கமிஷன் கொடுக்கும் இடத்தில் உள்ளவர்கள். நானும் கடைக்காரனே. ஆகவே நமக்கும் சில சொற்கள்.

வேலையாளிடம் வேலையை நிறைவாய் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவருக்கு எதிராய் மறுமையில் தானே வழக்காடுவதாய் அல்லாஹ் சொல்வது ஹதீஸ் குத்ஸீயில் வந்திருக்கிறது, புகாரியில் காணலாம். கமிஷன் கணக்கை இழுத்தடிப்பது இதில் சேராதென்று எண்ணிவிட வேண்டாம். நாம் இரவில் கடையைப் பூட்டிவிட்டு உறங்கும் நேரத்திலும் ஒரு தம்பி நம் சரக்கைப் பற்றிப் படம் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய வியர்வை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் அது வியர்வை இல்லையென்றாகாது.

இன்னொன்று. கேட்க வந்த பிள்ளையை, "நேற்று வந்தவனுக்கு இன்று பேச்சா?" என்று அதட்டி அனுப்பினால் அவன் அடங்கிவிடுவதில்லை. நம் சரக்கின் விலையும் வாடிக்கையாளர் விருப்பமும் தெரிந்துகொண்டு அடுத்த கடைக்குப் போகிறான். கொடுக்க முடியாவிட்டால் கணக்கைக் காட்டி, "தம்பி, பெட்டிக்கு எனக்கு நிற்பதே இவ்வளவுதான்" என்று சொல்லலாமே! உண்மையான கணக்கைக் கண்டவன் குறைத்துக் கேட்கவும் தயங்கமாட்டான்.

10. எழுத்தும் வரியும்

1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தை அடியொற்றி வந்தது நம் நாட்டின் 1950-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம். வேறு விதமாய்ப் பேசியிராவிட்டால், வேலை முடிந்த பிறகே ஏஜண்டின் கூலி கடனாகும் என்றும், ஒப்படைத்த வேலையில் தவறான நடத்தை செய்தவருக்கு அவ்வேலைக்குக் கூலி இல்லை என்றும் அது சொல்கிறது. ஆகையால் "வேலை முடிந்தது" என்பது எப்பொழுது என்று எழுதிவிட வேண்டும். ஆர்டர் வந்த அன்றா? சரக்குப் போய்ச் சேர்ந்த அன்றா? திருப்பி அனுப்பும் கெடு கழிந்த அன்றா? இந்த ஒரு வரியை எழுதாததால் வழக்கு வருவதுண்டு.

கமிஷன் வருமானமே, வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டியது. ஏஜண்டுக்கு ஆண்டில் 5,000 வெள்ளிக்கு மேல் கொடுக்கும் கம்பெனி சிபி 58 பாரம் கொடுக்க வேண்டும். முந்திய ஆண்டில் ஒரு கம்பெனியிடம் 1,00,000 வெள்ளிக்கு மேல் பெற்ற ஏஜண்டுக்கு அக்கம்பெனி பணம் கொடுக்கும் பொழுது நூற்றுக்கு 2 பிடித்து வரி வாரியத்தில் கட்ட வேண்டும் என்ற விதி 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. விகிதம் பேசும் பொழுதே இதையும் நினைவில் வைப்பது நல்லது.

பாடத்தின் சுருக்கம்

கூலியை வேலைக்கு முன் பேசு. தெளிவான அளவாய்ப் பேசு. முதலாளியின் கணக்கையும் பார்த்துவிட்டுக் கேள். நட்டப் பொறுப்பை அவர் தலையில் வைக்காதே. பேசியதை எழுது. வாங்குகிறவரிடம் மறைக்காதே. முஸ்லிம்கள் தாம் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில் நிலைத்து நிற்பார்கள் என்பது நபிமொழி. ஏஜண்டுக்கும் முதலாளிக்கும் அது பொது.

கேள்விகள்

1. "பார்த்துக் கொடுக்கிறேன்" என்ற பேச்சில் உள்ள குறை என்ன? வேலை செய்து முடித்தவருக்கு என்ன சேரும்?

2. மேலே சொன்ன மசாலாப் பெட்டிக் கணக்கில் விற்பனை 50 பெட்டியானால், படிப்படிக் கமிஷனில் முதலாளிக்கு எவ்வளவு, ஏஜண்டுக்கு எவ்வளவு? (விடை: 560 வெள்ளி, 340 வெள்ளி.)

3. ஆட்டு மந்தை பெற்ற ஸஹாபி, கைக்கு வந்த கூலியை ஏன் உடனே பங்கிடவில்லை?

4. கமிஷனுக்கும் லஞ்சத்துக்கும் உள்ள வேற்றுமை யாது?

5. உங்கள் கடையில் கமிஷனுக்கு விற்போர் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருடைய விகிதம் எழுத்தில் இருக்கிறது?

ஐந்தாவது கேள்விக்கு விடையை இன்றிரவே கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்கையும் அதில் பரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.